வாங்கிக்குவீங்களா?

விருதை அறிவிக்கும் முன், கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று ஆளிடம் போனில் கேட்டுவிட வேண்டும். பிறகு யாராவது வேண்டாம் என்றால் அரசின் மானம் கப்பலேறும். ஆனால் என்ன தரப்போகிறோம் என்பதைச் சொல்லக் கூடாது. அது ரகசியம். விருதுப் பிரிவு குமாஸ்தாவுக்கு இதுதான் வேலை.

இந்த முறை ஒரு மருத்துவச்சி. அவள் பெயரை உள்ளே நுழைக்க அவன் தலைகீழாக நின்றிருந்தான். இன்று மாலைக்குள் அவள் சம்மதிக்காவிட்டால் விருது அமைச்சரின் மச்சானுக்கு. தன் அக்காவை அமைச்சருக்குக் கட்டிக்கொடுத்ததைத் தவிர நாட்டுக்கு எதுவும் செய்யாதவர்.

"அம்மா, அரசாங்கத்துலேர்ந்து பேசுறேன். உங்களுக்கு ஒண்ணு குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

"என்னது?"

"அதச் சொல்லக் கூடாதும்மா."

"போன வாரம் ஒருத்தன் எனக்குக் கார் விழுந்திருக்குன்னான். நீ அதக்கூடச் சொல்ல மாட்டேங்கிற. தொழிலுக்குப் புதுசா தம்பி?"

"சத்தியமா அரசாங்கம்தாம்மா."

"அப்படியா? எங்க பிரசவ வார்டுக் குழாயில தண்ணி வந்து ரெண்டு வருஷமாச்சு. எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. அதுக்கு ஒரு பதில் சொல்லு."

பழக்கதோஷத்தில் அவன் வாயில் வந்துவிட்டது: "அது எங்க செக்ஷன் இல்லம்மா. வேற நம்பர் தரேன், அங்க கேளுங்க."

போச்சு, மச்சானுக்குத்தான் என்று நினைத்தான்.

"சரி, அரசாங்கம்தான்," என்றாள் அவள். "குடுக்கிறது அமைச்சர் கையாலயா?"

"ஆமாம்மா."

"அப்ப குடு. குழாயப் பத்தி அங்கயே கேட்டுக்கறேன்."

'சம்மதம்' என்று குறித்துக்கொண்டான். மீதியை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.