தவக்காலத்தில் நிறுத்திய மருந்து

1983 பிப்ரவரி 16, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன். கோலா கெத்திலுக்கு அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தின் சிற்றாலயத்தில் மாலைப் பூசை நடந்தது. நோய் வரும்வரை அங்கே பால்மரம் வெட்டும் வேலை செய்துவந்த பெர்னார்ட் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று முதல் மார்ஃபின் மருந்து குடிப்பதை நிறுத்தினார்.

அவருக்குப் புற்றுநோய். முதுகெலும்புவரை பரவியிருந்தது. சுங்கை பட்டாணி மருத்துவமனை எழுதிக் கொடுத்த மருந்தை ஆறேழு மாதங்களாகக் குடித்துவந்தார். வேளைக்கு அரைக் கரண்டியில் தொடங்கி, உடம்பு பழகப் பழக மூன்று கரண்டிவரை ஏறியிருந்தது. பெரிய புட்டி தோட்டத்து மருந்தகத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கும். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் பரஞ்சோதி திங்கட்கிழமைதோறும் ஒரு வாரத்துக்கானதை அளந்து கொடுப்பார். ஜனவரியில் கோலாலம்பூருக்கு அழைத்துப்போய் முதுகில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். வலி பாதியாகக் குறைந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விடுவது அந்த லயத்து வீடுகளில் இருந்த கத்தோலிக்கர்களின் வழக்கம். ஒருவர் கள்ளை விடுவார், ஒருவர் வெற்றிலையை, ஒருவர் இறைச்சியை. பெர்னார்ட் ஆண்டுதோறும் சுருட்டை விடுவார். ஆனால் அந்த ஆண்டு சுருட்டை டாக்டர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார். இறைச்சி வாய்க்குப் பிடிக்கவில்லை. விடுவதற்கு அவரிடம் மிச்சமிருந்தது அந்த மருந்துதான்.

பக்கத்து வீட்டு முருகையாவின் பேச்சும் ஒரு காரணம்.

"ஒனக்கென்னா பெர்னார்டு, கவர்மெண்டே அபின் ஊத்துது. நான் ஒரு கிளாஸ் சம்சு சாராயம் குடிச்சா போலீஸ் புடிக்கிறான்லா!"

கடைவாசலில் எல்லோரும் சிரித்தார்கள். பெர்னார்டும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அக்னஸிடம், "நான் அபின்காரனா செத்தேன்னு பேரு வேணாம்" என்றார்.

முதல் வாரம் மூக்கு ஒழுகியது. கொட்டாவி விடாமல் வந்தது. வயிற்றால் போனது. மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. மருந்தைத் திடீரென்று விட்டதால்தான் இப்படி என்பது அவருக்குத் தெரியாது. தவக்காலத்தில் உடலை வருத்தும் ஒறுத்தல் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு கரண்டியாவது குடிங்களேன்" என்று அக்னஸ் கெஞ்சினாள். "நோயாளிக்கு ஒறுத்தல் இல்லன்னு ஃபாதரே சொல்வாரு."

"அப்ப ஃபாதர நோயாளியாக்கிட்டு வந்து கேளு. சும்மா இரு."

இரண்டாவது வாரத்தில் தொல்லைகள் அடங்கின. முதுகுவலிக்கு பனடோல் மாத்திரை விழுங்கினார். அக்னஸுக்கு அப்போது இருந்தது ஒரே கவலைதான். மகள் ரூத்தை கூலிம் பட்டணத்தில் மெக்கானிக்காக இருந்த கிளாரன்ஸுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தவக்காலத்தில் திருமணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்த வாரம், ஏப்ரல் 9 என்று நாள் குறித்திருந்தது. அதுவரை அவர் உயிரோடிருக்க வேண்டும். பீடத்துக்கு முன்னால் மகள் கையைப் பிடித்துக் கொடுக்கும் அளவுக்குத் தெளிவோடு இருக்க வேண்டும்.

அதனால் அவள் மருந்து வாங்குவதை நிறுத்தவில்லை. தோட்டத்தில் வாங்காமல் விட்ட எதுவும் திரும்பக் கிடைத்ததில்லை. பிள்ளைகளுக்குத் தந்த பால்மாவை ஒரு மாதம் வாங்காதவர்களின் பெயரை அடுத்த மாதம் எடுத்துவிட்டார்கள். மழைக்கோட்டும் அப்படித்தான். கல்யாண நேரத்தில் வலி திரும்பினால் என்ன செய்வது? திங்கட்கிழமைகளில் புட்டியோடு போய் நின்றாள்.

"வலி எப்படிம்மா இருக்கு?" என்பார் பரஞ்சோதி.

"பரவால்லீங்கய்யா. குடிக்கிறாரு."

மருந்தை யாருக்கும் பங்கு தராதே, சாராயத்தோடு சேர்க்காதே, நிறுத்துவதானால் என்னிடம் சொல், மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும் என்றெல்லாம் முதல் மாதமே அவர் சொல்லியிருந்தார். நிறுத்தியதை மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை வழிபாட்டில் முழங்காலிட்டு எழுந்தபோது வலி திரும்பியது. பெர்னார்ட் பல்லைக் கடித்துக்கொண்டு சனியைக் கழித்தார். ஈஸ்டர் ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் கட்டிலில் சாய்ந்தார்.

"குடு. தவக்காலம் முடிஞ்சிருச்சு."

அக்னஸ் மூன்று கரண்டி ஊற்றிக் கொடுத்தாள். வழக்கமான அளவு. அவர் தூங்கிப்போனார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகம் தளர்ந்திருந்தது. நண்பகல் தாண்டியதும், அடுத்த வேளை தவறக்கூடாதென்று எழுப்பி, பாதித் தூக்கத்திலேயே இன்னும் மூன்று கரண்டி புகட்டினாள்.

மாலையில் குறட்டை மாறியது. நீளமாக இழுத்து, நின்று, வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது. உதடு கறுத்திருந்தது. தட்டினாலும் கண் திறக்கவில்லை. ரூத் டிரசர் வீட்டுக்கு ஓடினாள்.

பரஞ்சோதி வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகைவிடச் சிறிதாக இருந்தது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கறதுதான் ஐயா."

"காலையிலயும்?"

"ஆமாங்கய்யா. மூணு."

அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஆறேழு மாதம் பழகிய உடம்பு இந்த அளவுக்கு இப்படி விழாது. நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்தார். "ஃபாதருக்குச் சொல்லி அனுப்புங்கம்மா. இது கடைசி மாதிரி தெரியுது" என்றார்.

அக்னஸ் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரூத்தான் சொன்னாள். "அப்பா தவக்காலம் பூரா குடிக்கல. இன்னைக்குத்தான் குடிச்சாரு."

"என்னா? அப்ப வாங்குன மருந்தெல்லாம்?"

"வச்சிருக்கோம்" என்றாள் அக்னஸ். "வாங்கலன்னா நிறுத்திருவீங்கன்னு..."

பரஞ்சோதி எழுந்துவிட்டார். "ஃபாதர் வேணாம். தோட்டத்து வேன எடுக்கச் சொல்லு, ஓடு!"

சுங்கை பட்டாணிவரை அவர் பெர்னார்டின் தோளை உலுக்கிக்கொண்டே வந்தார். "மூச்சு விடு பெர்னார்டு! விடு! ம்... இன்னொன்னு!" கத்தும்போது ஒரு மூச்சு வந்தது, நிறுத்தினால் நின்றது. பாதி வழியில் அவருக்குத் தொண்டை கட்டியது. பிறகு ரூத் கத்தினாள்.

மருத்துவமனையில் மார்ஃபினை முறிக்கும் மாற்று ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் பெர்னார்ட் கண்ணைத் திறந்து, வலியில் அலறினார். ஊசி மருந்து மார்ஃபினோடு சேர்த்து அது தந்த நிவாரணத்தையும் பறித்துவிட்டிருந்தது. அக்னஸ் அழுதுகொண்டே சிரித்தாள். ஊசியின் வேகம் குறைந்ததும் அவர் மறுபடி சரிந்தார். மறுபடி போட்டார்கள்.

வெளியே பெஞ்சில் பரஞ்சோதி கம்மிய குரலில் சொன்னார்: "விட்டு இத்தனை நாளாச்சுன்னா ஒடம்பு பழகினத மறந்துரும்மா. புதுசா குடிக்கிறவனுக்கு எவ்வளவோ அவ்வளவுலதான் தொடங்கணும். அரைக் கரண்டி."

"நான் உள்ளதச் சொல்லியிருந்தா, நீங்க மருந்த நிறுத்தியிருப்பீங்களா ஐயா?"

அவர் யோசித்தார். "மிச்சத்த ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பச் சொல்லித்தான் ரூல். அனுப்பியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."



பெர்னார்டை புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரைக் கரண்டியில் மருந்தை மறுபடி தொடங்கினார். ஏப்ரல் 9ஆம் தேதி கூலிம் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. பெர்னார்ட் நாற்காலியில் உட்கார்ந்தபடி மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். விருந்துக்கு இருக்க முடியவில்லை. முன்னதாகவே வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். ஜூன் மாதம் நோய் முற்றி இறந்தார்.