கோப்பில் இல்லாத வரி

"எனக்குத் தகுதி இல்லையாம்டி. விடு, நான் டியூட்டிக்குக் கிளம்புறேன்" என்று அக்கா போனில் சொன்னபோது மணி நாலே கால். தங்கை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"உங்க ஆபீஸ் போட்ட சைட்டுதான். போன் நம்பர் அடிச்சு பட்டனத் தட்டினேன், செவப்புல வந்துடுச்சு. மூணு வாட்டி தட்டிப் பாத்தேன். கம்ப்யூட்டர் கால்ல விழவா முடியும்?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. திரும்ப அடித்தால் அக்கா எடுக்கவில்லை. அக்கா பதினோரு வருடமாக ஒப்பந்தச் செவிலி. நிரந்தரப் பணிக்கான வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. விண்ணப்பம் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடும்.

தகுதியைத் தீர்மானிக்கும் வேலை அந்தத் தளத்துக்குக் கிடையாது. நம்பருக்கு நடுவே அக்கா ஓர் இடைவெளி விட்டிருப்பாள், அவ்வளவுதான். அப்படியானால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்த கணத்தில் தங்கைக்கு விடை தெரிந்துவிட்டது. பிழைச் செய்திகளையெல்லாம் ஜாவா நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் வைக்கலாம் என்று சொன்னவளே அவள்தான். ஒரு சொல்லைத் திருத்த முழு நிரலையும் இறக்கி ஏற்ற வேண்டாமே என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் நிரல் தானாகச் சர்வருக்குப் போய்விடும். கோப்பை யாராவது கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். தேடிய செய்தி கோப்பில் இல்லாவிட்டால் கடைசி வரியைக் காட்டு என்றும் அவள்தான் எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியில், ஏதாவது இருக்கட்டும் என்று, அன்றைக்குக் கைக்கு வந்ததைப் போட்டிருந்தாள்: 'நீங்கள் இந்தப் பணிக்குத் தகுதியானவர் அல்லர்.'

பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் 'கமா' என்பார்கள். ஒரு கமா விட்டுப்போனாலும் மோப்பம் பிடித்துவிடுவார்.

"சார், போன் நம்பருக்குப் புது செய்தி எழுதினோமே, அத சர்வர் கோப்புல போட்டீங்களா?"

"நீ போட்டுட்டேன்னு இருந்தேன்."

"நான் நீங்கன்னு இருந்தேன்."

"நல்லா இருந்தோம் ரெண்டு பேரும்" என்றார் கமா. சிரிக்கவில்லை. நேர நீட்டிப்புக் கேட்க மேலாளர் அறைக்கு எழுந்து ஓடினார்.

தங்கை கோப்பைத் திறந்தாள். 'பத்து இலக்கங்களை இடைவெளியின்றி எழுதவும்.' ஒரே வரி. அதைச் சேர்த்துச் சேமித்தபோது நாலு இருபத்தெட்டு. நிரல் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். அந்தப் பத்தும் அவள் வைத்ததுதான். சர்வரை நிறுத்தி எழுப்பினால் உடனே படிக்கும். ஆனால் பாதி விண்ணப்பத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான பேர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கை விசைப்பலகைமேல் போய்ப் போய் வந்தது.

சர்வரின் பதிவேட்டைத் திரையில் திறந்து பார்த்தாள். காலையிலிருந்து அந்தச் சிவப்பு வாக்கியத்தைப் பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர். பெரும்பாலோர் ஒரே தடவையோடு போய்விட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, ஏன் என்று ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. யாரோ எப்போதோ சொல்லப்போவதாக எதிர்பார்த்திருந்ததைக் கேட்டவர்கள்போல் கலைந்திருந்தார்கள்.

நாலு முப்பத்தாறுக்குச் செய்தி மாறியது. அக்காவின் போன் அணைந்திருந்தது. டியூட்டியில் அது அலமாரிக்குள் போய்விடும்.

கமா திரும்பி வந்தார். "நீட்டணும்னா ஆஸ்பத்திரிக்காரங்க கையெழுத்து வேணுமாம். அவங்க மீட்டிங்ல இருக்காங்களாம். நீ ஒன் அக்காவப் பிடி, மத்தத நான் பாக்கறேன்."

வார்டின் பொது எண்ணுக்கு நான்கு முறை அடித்தாள். ஐந்தாவதில் யாரோ எடுத்தார்கள்.

"அவங்களா? அந்தக் கோடி ரூம்ல ஊசி போட்டுட்டு இருக்காங்க. அவசரமா?"

"ரொம்ப அவசரம். தங்கச்சின்னு சொல்லுங்க."

"இருங்க, கூப்பிடுறேன்."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். செருப்பொலி தேய்ந்து போனது. எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டபடி நெருங்கி வந்து, ரிசீவரைத் தாண்டிப் போனது. திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது. யாரோ நம்பரைத் தப்பாக எழுதி, திருத்தி, உள்ளே போயிருந்தார்கள். மணி நாலு ஐம்பத்தொன்று. தங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் ஒரு கதவு திறந்தது.