பதினேழாவது தடம்

பழைய ஒலிநாடா ஈரம் கோத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தால் எடுத்த எடுப்பில் ஓட்டக்கூடாது. பூச்சு உரிந்து கையோடு வந்துவிடும். மிதமான சூட்டில் எட்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். மின்னலுக்கு இதெல்லாம் கைவந்த வேலை. மின்னல் என்பது ராக் குழுவில் அவர் கிட்டார் வாசித்த காலத்தில் ரசிகர்கள் வைத்த பெயர். கிட்டாரை மூலையில் சாத்திவிட்டு, அடுத்தவர் பாட்டுகளைப் பதிவுசெய்து தயாரிக்கும் தொழிலுக்கு வந்து இருபத்துநாலு வருஷமாகியும் பெயர் அவரை விடவில்லை.

அந்தப் பெயருக்குக் காரணம் ஒரே ஒரு பாட்டு. அதிலும் நடுவில் வரும் முப்பத்தெட்டு விநாடி கிட்டார் சோலோ, கிட்டார் மட்டும் முன்னால் வந்து தனித்து ஒலிக்கும் இடம். அதைப் பதிவுசெய்த அன்று அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிக் கன்னம் வீங்கியிருந்தது. பதினோரு தடவை வாசித்தும் தேறவில்லை. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோ சோபாவில் சாய்ந்தவர் மறுநாள் காலையில்தான் கண்விழித்தார். தயாரிப்பாளர் நாடாவை ஓட்டிக் காட்டினார். அவர் வாசித்ததிலேயே நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒரு தடத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். மின்னலுக்குப் புல்லரித்துப்போனது.

மேடையில் அந்த முப்பத்தெட்டு விநாடி ஒருநாளும் அவர் கைக்கு வசப்படவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்ததை ஒரே மூச்சில் எவன் வாசிப்பான் என்று தன்னையே தேற்றிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் குழு கலைந்தது. அந்தச் சேர்க்கும் வித்தையைத்தான் கற்றுக்கொள்வது என்று பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம், தயாரிப்பாளரின் நாற்காலிக்கு வந்தார். கை தோற்ற இடத்தில் காது ஜெயித்தது. அவர் தொட்ட பாட்டு துலங்கும் என்று ஊரெல்லாம் பேச்சு.

இப்போது அந்தப் பாட்டை மறுபடி வெளியிடப்போகிறார்கள் என்று மூல நாடா அவரிடமே வந்திருந்தது. மதியம் மூன்று மணி. ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாகப் பதிவான இருபத்துநாலு தடங்களில் மற்றதையெல்லாம் அடக்கிவிட்டு, சோலோ இருந்த பதினேழாவதை மட்டும் திறந்தார். எங்கெங்கே சேர்ப்பு விழுந்திருக்கிறது என்று பார்க்க ஒரு தொழில்காரனின் ஆசை, அவ்வளவுதான்.

முதலில் இரைச்சல். நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு குரல்.

"அண்ணன் எழுந்தா கோவிச்சுக்குவான்."

"அவன் தூங்கட்டும். நீ வாசி" என்றது தயாரிப்பாளரின் குரல்.

தொடர்ந்து முப்பத்தெட்டு விநாடி. ஒரு வெட்டு இல்லை, ஒரு சேர்ப்பு இல்லை. ஒரே மூச்சு.

நிறுத்தினார். திருப்பி ஓட்டினார். ஆறாவது தடவை பொத்தானை அழுத்தப் போன விரல் அந்தரத்தில் நின்றது. அது அவருடைய தம்பியின் குரல். அதே குழுவில் பக்கத்தில் நின்று தாளத்துக்குத் துணையாக ரிதம் கிட்டார் வாசித்தவன். இப்போது நாலு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தயாரிப்பாளர் செத்துப் பத்து வருஷம். கேட்பதற்கு மிச்சமிருந்தது தம்பி ஒருவன்தான்.

கடையில் தம்பி ஒரு லென்ஸின் ஓரத்தை அரைத்துக்கொண்டிருந்தான். மின்னல் உட்காரவில்லை. நாடாவில் கேட்டதைச் சொன்னார். தம்பி தலை நிமிராமலே, அதை எதற்கு இப்போது கிளற வேண்டும் என்றான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

அரைக்கும் சக்கரம் நின்றது. தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு என்ன தெரியும்?"

"காலைல கேட்டுட்டு வெளிய வந்து என் தோள்ல கை போட்டே. 'இது நமக்குள்ளயே இருக்கட்டும்'னு சொன்னே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சொன்னது உண்மைதான். தன் வாசிப்பு துண்டு துண்டாகப் பொறுக்கியது என்று வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்ற பயத்தில் சொன்னது. அதைச் சொல்ல வாயெடுத்தார். ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"மேடையில நீ தடுமாறிட்டு, என் ரிதம் சரியில்லன்னு மைக்லயே சொன்னியே. அன்னிக்குத்தான் கிட்டாரை மூட்டை கட்டினேன். வாசிச்சதும் நான், திட்டு வாங்கினதும் நான்னு." கையில் ஒட்டியிருந்த லென்ஸ் தூளைத் தட்டினான். "இருபத்தாறு வருஷமா உன்னைத் திருடன்னு நெனச்சுக்கிட்டேதான் உன் வீட்டுல வந்து சாப்பிட்டேன்ணா."

சோலோ தன்னுடையது இல்லை என்பதைக்கூட வரும் வழியில் ஒருமாதிரி விழுங்கியிருந்தார் மின்னல். இதை விழுங்க முடியவில்லை. தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன், அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் தன்னோடு முறைவைத்துக் கண்விழித்தவன், அத்தனை நாளும் மனசுக்குள் இதை வைத்துக்கொண்டா சிரித்துப் பேசினான்? ஒரு பெண்மணி கண்ணாடி தயாரா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தம்பி எழுந்து அலமாரியில் தேட ஆரம்பித்தான். மின்னல் வெளியே வந்தார்.

திரும்பிவந்து காரில் உட்கார்ந்தவருக்கு வேறொன்று உறைத்தது. போன மாதம் ஒரு புதுக் குழுவின் டிரம்ஸ்காரர் தாளம் நழுவ நழுவ வாசித்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருவரை வைத்து முழுக்க வாசிக்கவைத்து, உங்கள் வாசிப்பையே லேசாகச் சரிசெய்தேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார் மின்னல். இந்த இருபத்துநாலு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். கை போதவில்லை. போனை எடுத்து அந்த டிரம்ஸ்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

டிரம்ஸ்காரர் ஆச்சரியப்படவில்லை.

"பாட்டைக் கேட்ட உடனே தெரிஞ்சுது சார். என் கை எனக்குத் தெரியாதா?"

மின்னல் போனை மடியில் வைத்தார். ஊரில் அடுத்தவர் வாசிப்பில் மயிரிழை பிசகினாலும் பிடித்துவிடுகிற காது அவருடையது. அந்தக் காதுக்கு, சோலோவை முதலில் கேட்ட அந்தக் காலையில் சொந்தக் கையும் தம்பியின் கையும் வித்தியாசம் தெரியாமலா போயிற்று? தெரியாது என்று சற்று முன்னால்தான் தம்பியிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பொய் சொன்னதாக நினைவில்லை. ஆனால் இப்போது இன்னொரு தடவை சத்தியம் செய்யச் சொன்னால் செய்வாரா என்பது அவருக்கே தெரியவில்லை.

மறுவெளியீட்டில் சோலோவுக்கு நேரே தம்பியின் பெயர் வந்தது. சிலர் பாராட்டினார்கள், பலர் விளம்பரத்துக்காக அண்ணனும் தம்பியும் ஆடும் நாடகம் என்றார்கள். தம்பி எந்தப் பேட்டிக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கடை விடுமுறை நாளொன்றில் மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்தான். மின்னல் பதினேழாவது தடத்தைத் தனியாக ஓட்டிவிட்டு எழுந்து வெளியே போகப்பார்த்தார்.

"உக்காருண்ணா" என்றான் தம்பி. "நான் இதை ஒருதடவைகூட முழுசா கேட்டதில்ல."