துன்மதி வருஷத்து வெள்ளி

சபாநாயகத்தின் அறுபதாம் கல்யாணத்தன்று மதிப்பீட்டு மண்டபத்தில் இருந்தவர்கள்: மதிப்பீட்டாளர் சபாநாயகம், மாலையுடன். தராசுக்காரர் மரியதாஸ். என் அண்ணி செண்பகவல்லி. நான். என் அண்ணன் தில்லைநாதன், மேடைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில், கட்டியாக.

மணமகள் நாற்காலி காலியாக இருந்தது. சபாநாயகத்தின் மனைவியும் அவரைப் போலவே துன்மதி வருஷத்தில் அடிக்கப்பட்டவர். அதனால் போன வருஷமே அவரை உருக்கியாகிவிட்டது. தாலியை நாற்காலியின் கையில் கட்டுவதாக ஏற்பாடு.

எங்கள் ஊரில் ஆட்களை வெள்ளியில்தான் அடிக்கிறார்கள். நாணயச் சாலையிலிருந்து சூட்டோடு வருவோம். இடது காதுக்குப் பின்னால் வருஷத்தின் பெயர் இருக்கும். பெயர் மட்டும்தான், எண் கிடையாது. வயது ஏற ஏற உடம்பில் கறுப்பு படியும். கறுப்பைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். கைக்குழந்தைகளைப் பார்த்தால் கண் கூசும்.

யாருக்கு என்ன விலை என்பதை மதிப்பீட்டாளர் சொல்வார். தனி விலை இல்லாதவர்களுக்கு எடை விலை. எடை விலைக்கு வந்தவர்கள் மண்டபத்தின் பின்னால் இருக்கும் உருக்கு அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான். அதைத் திறந்து மூடுவது என் வேலை.

வேலை எனக்குக் கருணை அடிப்படையில் கிடைத்தது. அண்ணனை உருக்கிய மறுநாள் உத்தரவு வீட்டுக்கு வந்தது. உத்தரவோடு சாவியும் வைத்திருந்தார்கள். அண்ணி சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

அண்ணனுக்குத் தன் வயதின்மேல் நம்பிக்கை இருந்தது. நன்றாகக் கறுத்தவனை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள் என்று நினைத்தான். மதிப்பீட்டுக்குக் கூப்பிட்ட நாளில் சபாநாயகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்று, தான் பழைய ஆள் என்று சொன்னான். அண்ணி பக்கத்தில் இருந்தாள். அவர்கள் பேசியதை ஒரு சொல் விடாமல் எனக்கு ஒப்பித்தாள்.

"பழசுன்னா விலைன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?" என்று சபாநாயகம் கேட்டாராம். "துன்மதியில வெள்ளி மலிவு. தெருவுக்கு நூறு பேரை அடிச்சுத் தள்ளினாங்க. இந்தப் பக்கத்துத் தெருவுல ஒரு பிள்ளை இருக்கு. பல்லு முளைக்கலை. அச்சு உடைஞ்சு மூணு பேரோட நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னால நீ செல்லாக்காசு."

"அவங்க யாருமே இப்ப இல்லையேய்யா," என்றான் அண்ணன். "நானும் நீங்களும்தான் மிச்சம்."

அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சபாநாயகம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார். பிறகு அவன் தோளைத் தடவிப் பார்த்து, "விளிம்பு தேஞ்சிருக்கு," என்றார்.

தேய்ந்துதான் இருந்தது. அண்ணன் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவன். சபாநாயகம் மெத்தையைவிட்டு இறங்காதவர். அவருடைய விளிம்பில் அச்சடித்த நாளின் பற்கள் அப்படியே இருந்தன.

அவர் செய்தது எல்லோருக்கும் தெரியும். பதவிக்கு வந்தபோது அவரும் எடை விலைதான். தன் வருஷத்து ஆட்களை ஒவ்வொருவராக மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டார். ஒருவருக்குக் கீறல் என்றார். ஒருவருக்கு மூக்கு மழுங்கல் என்றார். ஒருவரைப் பிடிக்கவில்லை என்றார். ஒவ்வொருவரும் அறைக்குள் போனபோது வெளியே அவர் விலை ஏறியது. மனைவி போன அன்று இரண்டு மடங்கானது. அண்ணன் போன அன்று மரியதாஸ் விலைப்பலகையைத் துடைத்துவிட்டு அவருக்கென்று தனிப்பலகை மாட்டினார்.

இன்று அவரை ஒற்றைக் காசு என்று அறிவிப்பார்கள். அறிவித்ததும் கண்ணாடிப் பெட்டியில் உட்காரவைப்பார்கள். பெட்டிக்குள் போனவரைத் தராசில் ஏற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. பெட்டிக்குள் அவர் கால் வைக்க ஒரு பீடம் வேண்டும். பீடம் செய்யத்தான் அண்ணனைத் தட்டில் வைத்திருந்தார்கள்.

ஆகவே பழி வாங்குவதென்றால் இன்றே வாங்க வேண்டும். அதற்கான வேலையைப் பங்குனியிலேயே தொடங்கியிருந்தேன்.

சபாநாயகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் முகம் குப்புறத் தூங்குவார். ஒரு நாள் துணி சோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, குழைந்ததும் முகத்துக்கு அடியில் வைத்தேன். அவர் எழுந்தபோது நுரை துப்பினார். சாம்பாரைக் குறை சொன்னார். நான் சோப்பை எடுத்துக்கொண்டு நாணயச் சாலைக்குப் போனேன்.

அங்கே ஒரு நடைபாதை. நடக்க நடக்க நீண்டது. நின்றால் சுருங்கியது. நின்றே போய்ச் சேர்ந்தேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அச்சு அதிகாரி இருந்தாள். அவள் புடவை முந்தானை வலது தோளில் விழுந்தது. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது. அச்சுப் பிரிவில் எல்லாம் அப்படித்தான்.

"என்ன வருஷம்?"

"துன்மதி."

"அது போயிடுச்சே."

"சித்திரை ஒண்ணாம் தேதி திரும்ப வருது. அறுபது முடிஞ்சிடுச்சு."

அவள் பஞ்சாங்கத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். "ஆமா," என்றாள். "யாருமே சொல்லலை."

மதிப்பீட்டாளருக்கே தெரியாது என்றேன். அவர் கண்ணாடியை வைத்து அடுத்தவர்களைத்தான் பார்ப்பார். தனக்கு அறுபது என்பது தெரியும். அறுபது என்றால் வருஷம் திரும்பி வருகிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் முகம் கேட்டாள். பழைய அச்சுகள் துருப்பிடித்துவிட்டன. புதிதாக ஒரு முகம் வேண்டும். சோப்பைக் கொடுத்தேன்.

"தூக்கத்துல சிரிக்கிறாரு," என்றாள்.

"உருக்குற நாள்ல அப்படித்தான் தூங்குவாரு."

"எத்தனை பேர்?"

"எத்தனை முடியும்?"

"போன துன்மதிங்களை உருக்கின வெள்ளி முழுக்க இங்கதான் கெடக்கு. அது தீர்ற வரைக்கும் அடிக்கலாம்."

"தீர்ற வரைக்கும் அடிங்க."

"காரணம்னு ஒண்ணு சொல்லணும்."

"பழி."

"பழிக்கு வரி கிடையாது," என்று ஜன்னலைச் சாத்தினாள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒன்று பாக்கி இருந்தது. சபாநாயகத்தின் கறுப்பு. அறுபது வருஷத்துக் கறுப்பு அது. நீலமும் ஊதாவும் கலந்து, அடுப்படிச் சுவர்போல் இருப்பார். அதைத் தொட ஒருவரையும் விடமாட்டார். மழையில் நனைந்தால்கூட ஒற்றித்தான் எடுப்பார். ஆயிரம் புதியவர்கள் பக்கத்தில் நின்றாலும் அந்தக் கறுப்பு அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுத்தால் பிழைத்துவிடுவார்.

அதை அண்ணி பார்த்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு விபூதித் தட்டோடு வந்திருந்தாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வெள்ளியை விபூதி போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், வீட்டு ஆட்கள், எல்லாவற்றையும் துலக்குவோம்.

"மாப்பிள்ளை இப்படி அழுக்கா உக்காந்தா நல்லாவா இருக்கு?" என்றாள்.

"இது அழுக்கு இல்லம்மா. வயசு."

"வயசுதான். ஆனா கல்யாணத்துக்கு வர்றவங்க கரிச்சட்டின்னு சொல்லிட்டுப் போவாங்களே."

மரியதாஸ் தராசைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சபாநாயகம் அதைப் பார்த்துவிட்டார். பிறகு சிரித்தார்.

"பத்துப் பேர்ல ஒருத்தன்னா கறுப்பு வேணும்," என்றார். "நான் ஒருத்தன்தான். கறுப்பா இருந்தா என்ன, பளபளன்னு இருந்தா என்ன? போட்டிக்கு எவன் இருக்கான்? தேயும்மா."

அவர் சொன்னதில் கணக்குப்படி தவறில்லை.

அண்ணி காதுக்குப் பின்னால் ஆரம்பித்தாள். துன்மதி என்ற எழுத்து பளிச்சென்று வந்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் நெற்றி. அவள் தேய்த்த வேகத்தில் தட்டில் இருந்த அண்ணன் அதிர்ந்தான். சபாநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். சுகமாக இருப்பதாகச் சொன்னார். அவள் அவர் பாதம்வரை வந்து, கால் விரல் இடுக்கையும் விடவில்லை. கடைசியில் புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்தாள். அவர் நேற்று அடித்ததுபோல் இருந்தார்.

அண்ணி வாசலைப் பார்த்தாள். லாரிகள் வந்து நின்றன.

புதிய சபாநாயகங்கள் இறங்கினார்கள். இன்னும் சூடு ஆறவில்லை. எல்லோரும் தூக்கத்தில் சிரிக்கும் அதே சிரிப்போடு இருந்தார்கள். மண்டபத்துக்குள் வந்து கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மணமகள் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி தீர்ந்ததும் பந்தியில் உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் சாம்பாரைக் குறை சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள்.

சபாநாயகம் எழுந்து நின்று, தான்தான் பழையவர் என்றார். தாங்கள்தான் பழையவர்கள் என்று அவர்களும் எழுந்து நின்று சொன்னார்கள். அந்தக் குழப்பத்தில் அவர் மாலை யார் கழுத்துக்கோ போய்விட்டது. மேடையில் சிறு தள்ளுமுள்ளு. நான் அவரிடமிருந்து கண்ணை விலக்கவில்லை. மரியதாஸ் விலக்கிவிட்டார்.

மரியதாஸ் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தராசில் ஏற்றினார். தேய்ந்த பழையவர் கொஞ்சம் குறைவாக நிற்பார் என்பது அவர் கணக்கு. முள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் நின்றது. மெத்தையைவிட்டு இறங்காத உடம்பு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

"எண்ணிக்கை என்ன?" என்று ஒரு சபாநாயகம் கேட்டார்.

"இன்னும் லாரி வந்துக்கிட்டிருக்கு," என்றார் மரியதாஸ்.

"அப்ப எடை விலைதான்."

மரியதாஸ் தனிப்பலகையைக் கழற்றினார். தலையெழுத்து வந்தால் தராசும் பேசாது என்று முணுமுணுத்தார். அண்ணி தட்டிலிருந்து அண்ணனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்க வேண்டும் என்றாள். அவள் பஸ்ஸுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அண்ணன் கனமானவன்.

மண்டபத்தில் சபாநாயகங்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் குறைந்தால் மற்றவர்களுக்கு விலை ஏறும் என்று ஒருவர் சொன்னார். அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருந்தது. யாரை முதலில் அனுப்புவது என்பதில் மட்டும் இழுபறி. நான் விரலை நீட்டி ஒருவரைக் காட்டினேன்.

அவர்கள் அவர் தோளைத் தடவிப் பார்த்தார்கள்.

"விளிம்பு தேஞ்சிருக்கு," என்றார்கள்.

அவர் விளிம்பு தேய்ந்திருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் என் பக்கம் வந்தார்.

"தம்பி, நான் யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"சொல்லு."

"துன்மதி."

"பழைய துன்மதின்னு சொல்லு."

"பழசுன்னா விலைன்னு யாரு சார் சொன்னது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் முகத்தில் அண்ணனின் சாயலைத் தேடினார் என்று நினைக்கிறேன். எங்கள் இருவருக்கும் வேறு வேறு அச்சு. பிறகு உருக்கு அறைப் பக்கம் திரும்பி நடந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களுக்குச் சொன்ன தீர்ப்பு என்பதால் அதைத் தாண்டி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து அனல் வந்தது. அவர் முகத்தில் நெருப்பு அப்படியே தெரிந்தது. அண்ணி நன்றாகத் துலக்கியிருந்தாள்.

வாசற்படியைத் தாண்டிய பிறகு அவர் திரும்பினார்.

"நான் போனா அவங்களுக்கு எவ்வளவு ஏறும்?"

வெளியே லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்ற சத்தம் கேட்டது.

"ஒண்ணும் ஏறாது சார்," என்றேன்.

கதவைச் சாத்தினேன். பூட்டினேன்.