வெளியே நிற்கிறவர்

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டதும் பதினொரு தலைகளும் ஆடின. பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறவள் அதை நம்பவில்லை. போன மாதமும் இதே அறையில் தலைகள் இப்படித்தான் ஆடின.

அந்தக் கூட்டத்தில் ஒரு மாமனும் மச்சானும் இருந்தார்கள். தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கிய மச்சான் விஷவாயுவில் மயங்கி விழ, மேலே நின்ற மாமன் முகமூடிகூட இல்லாமல் பின்னாலேயே குதித்தார். இரண்டு பேருமே உயிரோடு திரும்பவில்லை. உள்ளே ஆள் விழுந்தால் வெளியே நிற்கிறவர் இறங்கவே கூடாது, விசிலடித்துவிட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியவள் இவள்தான். புரிந்தது என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்ததால் விசாரணையில் இவள்மேல் தப்பில்லை என்றார்கள். அந்தத் தாளை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

நாளைக் காலை எட்டு மணிக்கு இந்தப் பதினொரு பேருக்கும் அதே தொட்டியில்தான் வேலை.

மேற்பார்வையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுங்க மேடம். டீ ஆறுது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்."

இரண்டு மணி நேரமாகத் திரையில் படம் காட்டித் தொண்டை வற்றப் பேசியவள் சொல்கிற பேச்சா இது என்று அவர் முழித்தார்.

அவள் திரையை அணைத்தாள். நாற்காலிகளை ஓரம் தள்ளச் சொல்லிவிட்டுத் தரையில் சாக்பீஸால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இதுதான் தொட்டி. இங்க யாராவது சொந்தக்காரங்க இருக்கீங்களா?"

அண்ணன் தம்பி இருவர் கை தூக்கினார்கள். தம்பிக்கே நாற்பது வயதிருக்கும். அவர் இடுப்பில் கயிறு கட்டி வட்டத்துக்குள் படுக்க வைத்தாள். கயிற்றின் மறுமுனையையும் விசிலையும் அண்ணன் கையில் கொடுத்தாள். "குறட்டை விட்டுடாதய்யா," என்றது ஒரு குரல்.

"தம்பி விழுந்துட்டாரு. பேச்சு மூச்சில்ல!"

அண்ணன் கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்களும் செத்தாச்சு. மறுபடி வாங்க."

இந்த முறை விசில் அடித்தார். அடித்துக்கொண்டே உள்ளே போனார். மூன்றாவது முறையும் அவர் உள்ளே போனபோது யாரும் சிரிக்கவில்லை.

"தெரியுது மேடம். காலு கேக்க மாட்டேங்குதே," என்றார்.

அவள் கேட்டிருந்தால் அந்த மாமனும் இதைத்தான் சொல்லியிருப்பார். புரிந்ததா என்று கேட்டாளே தவிர, உங்களால் முடியுமா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. பாவி, கேட்காமல் போனோமே. அண்ணனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வட்டத்தருகே முட்டிபோட்டுக் கீழே கிடந்தவரிடம் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க. அவரு என்ன பண்ணணும்?"

தம்பி கண்ணைத் திறக்காமலே, "அண்ணே... வராத," என்றார்.

"வாயக் கழுவுடா! அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீயும் வந்துட்டா யாரு சொல்லுவா?"

அண்ணன் விசிலை வாயில் வைத்தார். சத்தம் வரவில்லை, மூச்சுதான் வந்தது. கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். குதிகால் வெளியிலும் விரல்கள் உள்ளேயுமாக, அவருடைய வலது பாதம் கோட்டின்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.