ஒன்றும் ஊற்றாத குழாய்

"ஒண்ணுமே ஊத்தாத குழாய்க்கு எதுக்கு அத்தை பேர் எழுதுற?"

அண்ணியின் மகள் ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது கேட்ட கேள்வி. கேட்டது அம்மாவிடம் அல்ல, பக்கத்து மேசையில் இருந்த அத்தையிடம். "மத்த குழாயெல்லாம் தண்ணியில யார் யார் இருக்காங்கன்னு சொல்லும் கண்ணு. இது நம்ம கை சுத்தமான்னு சொல்லும்" என்று அத்தை பதில் சொன்னாள். அங்கே ஒன்றாக வேலை பார்த்த அண்ணியும் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு மாமியார் கண்ணை மூடினார். அவருடைய தையல் மெஷினை நாத்தனார் யாரையும் கேட்காமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அண்ணி உறவுக்காரர்கள் நடுவில் நின்று அவளைத் திருடி என்றாள். அதோடு சரி. வீட்டுக்கு வராமல் இருந்துவிடலாம். வேலைக்கு வராமல் இருக்க முடியுமா? ஒரே அறை, ஒரே ஃபிரிட்ஜ். ஆகவே இருவரும் ஃபிரிட்ஜிடம் பேசப் பழகினார்கள்.

"சில பேருக்கு மூடியை இறுக்கி மூடத் தெரியாது" என்பாள் அண்ணி, ஃபிரிட்ஜைப் பார்த்து.

"சில பேருக்கு வாயையே மூடத் தெரியாது" என்பாள் நாத்தனாரும், அதே ஃபிரிட்ஜைப் பார்த்து.

அவர்களுடைய வேலை ஓடைத் தண்ணீரை வடிகட்டுவது. மீன் கண்ணில் படாவிட்டாலும் அதன் செதிலும் வழவழப்பும் தண்ணீரில் கரைந்திருக்கும்; அவை வடிதாளில் தங்கிவிடும். கடைச் சாமான்களின் மேல் கோடு கோடாகக் குறி இருக்கிறதே, அதுபோல ஒவ்வோர் உயிருக்கும் மரபணுவில் ஒரு சிறு துண்டு உண்டு. அதைப் பெருக்கிப் படித்தால் இன்ன மீன் என்று தெரிந்துவிடும். ஒருத்தி செய்த வேலையை மற்றவள் விளக்கொளியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. மீன் இருந்தால் அந்தக் குழாய்க்கு உரிய இடத்தில் ஓர் ஒளிப்பட்டை மினுங்கும். ஒன்றும் ஊற்றாத குழாய்க்கு உரிய இடம் மட்டும் இருட்டாக இருக்க வேண்டும். அங்கே மினுங்கினால் எங்கோ கை அழுக்காகியிருக்கிறது என்று பொருள். அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

நாத்தனாருக்கு இரண்டு முறை அப்படி ஆகி, முடிவு கொடுப்பது தள்ளிப்போனது. ஆய்வகத் தலைவர் சட்டென்று பொரிகிற ஆள். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கடுகு என்று பேர். "இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா நீங்க வீட்லயே இருந்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டார். நாத்தனாரின் கணவனுக்கு வேலை போய் வெகுநாளாகிறது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அண்ணிக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை காலை நாத்தனார் தண்ணீர் எடுக்க வெளியூர் போயிருந்தாள். அவளுடைய குழாய்களை அண்ணி விளக்கில் வைத்தாள். ஒன்றும் ஊற்றாத குழாயின் இடத்தில் மெல்லிய பட்டை ஒன்று மினுங்கியது.

அண்ணியின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. முடிவு திங்கட்கிழமை காலை போயாக வேண்டும். இனி எங்கே முடியும்? உடனே கடுகுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை.

அவர் கூப்பிடுவதற்குள் பழியை இன்னும் இறுக்கமாக முடிந்து வைக்கலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு வடிதாளிலும் பாதியை வெட்டி ஃப்ரீசரில் வைப்பது வழக்கம். நாத்தனார் அதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறாளா பார்ப்போம் என்று ஓர் உறையைத் திறந்து, இடுக்கியால் தாளைப் பிரித்தாள்.

தாள் எதிர்ப்பக்கமாக விரிந்தது.

நாத்தனாருக்கு இடதுகைப் பழக்கம். மடிப்பும் இடமிருந்து விழுந்திருந்தது. அண்ணி கையிலிருந்த இடுக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மடிப்பை அவள் முன்பும் ஒருமுறை பிரித்திருக்கிறாள்.

போன வருஷம் மகள் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, வடிகட்டிய தாள்களை ஈரத்தோடு மேசைமேல் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவை பாழாகியிருக்க வேண்டும். ஆனால் எல்லாம் பாதி பாதியாக வெட்டி, மடித்து, பேர் எழுதி ஃப்ரீசரில் இருந்தன. மடிப்பு மட்டும் எதிர்ப்பக்கமாக விரிந்தது. கடுகின் வேலை என்று நினைத்து அவருக்கு நன்றி சொன்னாள். செய்யாத காரியத்துக்கும் நன்றியை வாங்கி வைத்துக்கொள்கிற மனிதர் அவர். "ம்" என்று தலையாட்டினார்.

அது திருடி என்று சொன்னதற்குப் பிறகு நடந்தது. அதற்குப் பிறகும் நாத்தனார் ஃபிரிட்ஜிடம் வம்பளந்தாளே தவிர, இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன் அடித்தது. கடுகு.

"என்னம்மா, கூப்பிட்டீங்களா? அந்தப் பொண்ணு மறுபடியும் சொதப்பிட்டாளா?"

அண்ணி இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"வேலை இன்னும் முடியலை சார். திங்கக்கிழமை காலையில முடிவு உங்க மேசையில இருக்கும்."

"இருந்தா சரி" என்று வைத்துவிட்டார்.

பட்டை வந்த தொகுதியை எறிந்துவிட்டு மீதிப் பாதியிலிருந்து மறுபடி செய்யலாம். செய்ததை எழுதி வைத்தால் போதும். தலைவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அண்ணி மேசையை மருந்துநீரால் துடைத்தாள். கையுறையை மாற்றினாள். ஒவ்வொரு தாளிலும் தேவையான துண்டை மட்டும் வெட்டி, குழாய்களில் போட்டாள். கடைசிக் குழாயில் ஒன்றும் போடாமல் அதற்கும் பேர் எழுதினாள். எல்லாவற்றையும் மரபணுவைப் பெருக்கும் மெஷினில் ஏற்றினாள். சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. "இன்னிக்கு என்ன அவ்வளவு வேலை?" என்று கணவன் போனில் கேட்டதற்கு, மெஷின் மெதுவாக ஓடுகிறது என்றாள். அது உண்மைதான்.

சாயங்காலம் விளக்கைப் போடுமுன் கண்ணை மூடிக்கொண்டாள். 'கடவுளே, அந்த ஒண்ணு மட்டும் இருட்டாவே இருக்கட்டும்.' காலையில் அதே இடத்தில் வெளிச்சத்தைப் பார்த்துப் பூரித்தவள் அவள்தான்.

மற்ற குழாய்கள் மினுங்கின. அந்த ஓடையில் இன்னும் மீன் இருக்கிறது. கடைசி இடம் இருட்டாக இருந்தது.

முதல் தடவை பட்டை வந்ததையும், மறுபடி செய்ததையும் உள்ளது உள்ளபடி எழுதினாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. மிச்சமிருந்த தாள் துண்டுகளைத் திரும்ப உறையில் வைக்க வேண்டும். வலதுகைக்காரிக்கு அந்த இடப்பக்க மடிப்பு வளைந்து கொடுக்கவில்லை. இரண்டு முறை நழுவியது. இடுக்கியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, இடமிருந்து மடித்து, நாத்தனாரின் தட்டிலேயே வைத்து ஃப்ரீசரைச் சாத்தினாள்.