ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்

நூலகத்தின் மாடியில் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குக் கொடுத்தார்கள். ஆறு கம்ப்யூட்டர்கள். தூசி படியாமலிருக்க, கிழிந்த திரைச்சீலைத் துணியில் மானிட்டர்களுக்கு என் அம்மா உறை தைத்துத் தந்தாள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சனி, ஞாயிறு காலையில் எந்த வயதுக்காரரும் வந்து படிக்கலாம் என்று வாசலில் எழுதிப் போட்டோம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய அம்மாவும் வந்தார். ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு தையல்காரர், ஒரு நர்ஸ். நர்ஸ் மௌஸை நாடி பார்ப்பதுபோல இரண்டு விரலால்தான் தொடுவார். ஆறாவதாக ஒரு பஸ் டிரைவர். முட்டி தேய்ந்துபோனதால் அவரை டிப்போ அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே எல்லாம் கம்ப்யூட்டர். இன்றும் சூடான பிளாஸ்டிக் வாசனை எங்காவது வந்தால் அந்த அறையும் அந்த ஆறு முதுகுகளும்தான் கண்முன் நிற்கின்றன.

இரண்டாம் வாரம் ஏழாவது ஆள் வந்தார். வெல்டிங் பட்டறைக்காரர். வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் சட்டென்று திரும்பினார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டு நான் ஓடிப்போய், டிரைவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இவர்கூட உக்காருங்க சார். ரெண்டு பேரும் ஒண்ணா கத்துக்கலாம்."

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கூடப்பிறந்தவங்கம்மா. டிரைவர்தான் அண்ணன். பேச்சு நின்னு பதினோரு வருஷம். அவங்க அப்பா போனப்ப தம்பி வெளியூர்ல இருந்தார். அவர் வர்றதுக்குள்ள அண்ணன் எல்லாத்தையும் முடிச்சிட்டார். தம்பி கடைசியா முகம்கூடப் பாக்கல."

ஆனால் பிரித்து உட்காரவைக்க வேறு கம்ப்யூட்டர் இல்லை. தம்பிக்கும் வகுப்பை விட முடியாத நிலை. வாடிக்கையாளர்கள் இரும்பு கேட்டுக்கும் கிரில்லுக்கும் அளவுகளை ஈமெயிலில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த நாலு வாரம் நான்தான் இருவருக்கும் தூது.

"டீச்சரம்மா, பக்கத்துல இருக்கறவரை மௌஸை விடச் சொல்லுங்க."

"டீச்சர், இது என்ன அவர் பஸ்ஸு ஸ்டியரிங்கான்னு கேளுங்க."

கடைசியில் ஒருவருக்குக் கீபோர்டு, ஒருவருக்கு மௌஸ், பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பஞ்சாயத்து பண்ணிவைத்தேன்.

ஆறாம் வாரம் தமிழில் அடிக்கப் பழக்கினேன். சாவிகளின் மேல் தமிழ் எழுத்துகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டியிருந்தேன். "மனசுல தோணுறதைப் பத்து வரி அடிங்க" என்றேன். கீபோர்டு அண்ணனிடம் இருந்தது. ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்துக் குத்தினார். மௌஸுக்கு வேலையில்லாமல் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற நானும் படித்தேன்.

'அப்பா போன அன்று தம்பிக்கு மூன்று தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வரை காத்திருந்தேன். இதற்கு மேல் வைக்க முடியாது என்றார்கள். அப்பா கடைசியாகக் கேட்டது அவனைத்தான்.'

அரை மணி நேரமாயிற்று அதை அடிக்க.

"எந்த நம்பருக்கு?" என்றார் தம்பி. என்னிடம் இல்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

டிரைவர் அந்த எண்ணைத் தடுமாறாமல் சொன்னார்.

"அது பழைய பட்டறை நம்பருண்ணே. இடம் மாறினதை லெட்டர்ல எழுதியிருந்தேனே."

"லெட்டரா? எனக்கு எதுவும் வரலையேடா."

டிரைவர் மறுபடி கீபோர்டில் விரலை வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஆறு திரையும் ஒன்றாக அணைந்தன.

"ஐயையோ, அவ்வளவும் போச்சே டீச்சரம்மா!"

சேவ் செய்வதை அடுத்த வாரம் சொல்லித்தரலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன்.

"போகட்டும்ணே" என்றார் தம்பி. "நான்தான் படிச்சிட்டேனே."

நர்ஸ் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். நான் ஃபியூஸைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, படிக்கட்டில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஆனால் என் தூது வேலை முடிந்தது. "மௌஸைக் குடுடா" என்று அண்ணன் நேராகவே கேட்டார்.

கடைசி வகுப்பில் ஆளுக்கொரு ஈமெயில் அனுப்ப வேண்டும். டிரைவருக்கு அனுப்ப வேறு முகவரி தெரியாது. பக்கத்து நாற்காலிக்கே அனுப்பினார். 'சாயங்காலம் வீட்டுக்கு வா. அண்ணி கேட்டாள்.'

அண்ணன் முழங்கை இடிக்கும் தூரத்தில் இருந்தும் தம்பி வாயால் பதில் சொல்லவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். 'வருகிறேன். பிள்ளைகளையும் கூட்டிவரலாமா?'

டிரைவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"இதையெல்லாமாடா கேப்பாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

அன்று அறையைப் பூட்ட நேரமாகிவிட்டது. இருவரும் படிக்கட்டில் வழியை மறித்து நின்று, யார் பிள்ளைக்கு என்ன வயது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மேல்படியிலேயே நின்றேன். அவசரப்படுத்த மனம் வரவில்லை.